ஐந்தாவது முடக்கு

எங்கள் தோட்டத்தில் சைக்கிள் ரேஸ் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், ஏதோ கோப்பை வாங்கி வந்தவனைப் பார்க்கிற மாதிரி. நான் அந்த ரேஸை ஓடி முடிக்கவே இல்லை. போன வருஷம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வந்து, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஏற்றத்தில் மேலே பார்க்கக் கூடாது, சைக்கிளின் முன்சில்லுக்கு முன்னால் இரண்டு முழத்தை மட்டும் பார்க்க வேண்டும், தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது, ஆரம்பத்தில் வேகம் காட்டுகிறவனை விட்டுவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாதியைத்தான் சொன்னேன்.

தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்த அடுத்த வருஷம் நடந்தது இது. எங்களுடையது யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டம். மேல் டிவிஷனில் மட்டும் கொஞ்சம் தேயிலை. நான் பால் வெட்டுகிறவன். விடிந்ததும் கத்தியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய், மரம் மரமாகப் பட்டையைச் சீவிவிட்டு, தேங்காய்ச் சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்கு இறங்க வேண்டும். வேலையைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. குறை இருந்தது வீட்டில்.

கலியாணமாகி எட்டு மாதம். வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே காம்பரா, ஒரே ஒரு அறை. அதில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஏழு பேர். நடுவில் அண்ணியின் பழைய சேலை ஒன்று கயிற்றில் தொங்கும். சேலைக்கு இந்தப் பக்கம் நாங்கள். மழை இல்லாத நாளில் வெளியே திண்ணை மாதிரி இருக்கும் இஸ்தோப்பில் படுத்துக்கொள்வோம். சப்ரகமுவையில் மழை இல்லாத நாள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

என் மனைவி கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நறுக்கென்று இருக்கும். அண்ணி நல்லவள்தான், பிள்ளைகளும் என் மனைவியிடம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இருந்தாலும் ஒருநாள் விறகு பொறுக்கப் போன இடத்தில் மனைவி என்னிடம் சொன்னாள்.

"எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாங்க. ஒரு கதவு வேணும். சாத்துனா சாத்துன மாதிரி இருக்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணன் வீட்டில் உனக்கு என்ன குறை என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை, விறகைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் நடந்தபோதுதான் அவள் கேட்டதில் தப்பே இல்லை என்பது எனக்கு உறைத்தது. எனக்கும் அதே கதவு வேண்டியிருந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவள் கேட்டுவிட்டாள். கோபம் அதனால்தான்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்துத் தபால்காரருக்கு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்க் குடியேறப் பாஸ்போர்ட் வந்தது. தினமும் கடைத்தெருவில் இருக்கும் தபால் கந்தோருக்கு நடந்து போய், தோட்டத்துக் கடிதங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு வருவது அவர் வேலை. ஆபீசுக்குப் பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒரு காம்பரா கொடுத்திருந்தார்கள். சமைக்க ஒரு சின்னக் குசினி, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய பலகைக் கதவு. அவர் போனதும் வெளியே பூட்டுப் போட்டுவிட்டார்கள். மனைவி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே போவாள். அவள் பார்ப்பதை நான் பார்ப்பேன்.

வேலைக்கு மனுப் போட்டது இரண்டு பேர். நான் ஒருவன், என் கூட்டாளி ஒருவன். அவனும் பால் வெட்டுகிறவன், எனக்கு அடுத்த மலை. அம்மாவும் அவனும் மட்டும் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். இனிமேல் தபால்காரருக்குத் தோட்டமே சைக்கிள் கொடுக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும் அவனுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சைக்கிள் என்றால் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. அவனுக்குச் சைக்கிள் வேண்டும், எனக்குக் கதவு வேண்டும். ஒரு வார்த்தை உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும். நாங்கள் பேசவில்லை. ஒரே பொருளுக்குப் போட்டி போடுகிறோம் என்றே இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை சிங்களவர், விளையாட்டுப் பைத்தியம். சித்திரை வருஷப் பிறப்புக்குக் கடைத்தெரு இளைஞர்கள் ஒரு நீளமான சைக்கிள் ரேஸ் வைத்திருந்தார்கள். கடைத்தெருவில் தொடங்கி, எங்கள் தோட்டத்து ரோட்டில் மலை உச்சிக்கு ஏறி, மறுபக்கம் ஏழு முடக்குகளில் வளைந்து வளைந்து இறங்கி, ஆற்றோரமாகத் திரும்பவும் கடைத்தெருவுக்கு. இருபது மைலுக்கு மேல் வரும். பாதி ரோட்டில் தார் கிடையாது. துரை எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"சரி, ரெண்டு பேரும் ரேஸ் ஓடுங்க. ஒங்க ரெண்டு பேர்ல யாரு சைக்கிளோட முன்னுக்கு வர்றாங்களோ அவருக்கு வேலை. காம்பரா சாவியும் அவருக்குத்தான்."

பெரிய கிளாக்கரய்யா சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

சைக்கிளுக்கு எங்கே போவது? எனக்கு ரொட்டி விற்கிற பாண்காரர் ஒருவர் கொடுத்தார். பாணுக்கே வரிசையில் நின்ற காலம், அவர் பெட்டியில் பாதி நாள் பாண் இருக்காது. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்லை மட்டும் உடைத்துவிடாதே தம்பி என்று சொல்லிக் கொடுத்தார். கூட்டாளிக்குத் தேத்தண்ணிக் கடை முதலாளியின் சைக்கிள். இரண்டும் இரும்பு மாடுகள். இரண்டுக்கும் ஒரே வியாதி. என்னுடையதில் பின் டியூப் ஓட்டை, அவனுடையதில் முன் டியூப் ஓட்டை. டியூப் அந்தக் காலத்தில் குதிரைக் கொம்பு. ஒட்டுகிற பசையும் கடையில் இல்லை. கடைத்தெருவில் சைக்கிள் திருத்துகிற சிங்களப் பாஸ் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லோகம் முழுக்க ஓடுகிற டயருக்குப் பால் வெட்டிக் கொடுப்பது நாங்கள், எங்களுக்கு ஒரு ஓட்டையை அடைக்க ரப்பர் இல்லையா? பாலை ஷீட்டாக்குகிற ஸ்டோரில் மெல்லிய ஷீட்டில் ஒரு துண்டு நறுக்கி எடுத்தேன். டியூப்பைத் தேய்த்து, புதுப் பாலைப் பூசி, துண்டை ஒட்டி, மேலே கல்லை வைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பிடித்துக்கொண்டது. காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. கூட்டாளிக்கும் நானே ஒட்டிக் கொடுத்தேன். போட்டியாளன் என்றாலும் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே.

பாஸிடம் கொண்டுபோய்க் காட்டி அவரை நையாண்டி பண்ணினேன். அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். தம்பி என்பதற்கு மல்லி என்பார்.

"இது பச்சை ரப்பர் மல்லி. கம்பெனி ரப்பர்னா வேகவச்சது. இது சூட்டுக்கு நிக்காது."

சிங்களவருக்குப் பொறாமை என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு அந்த மாதிரி வாய்.

ஒரு கிழமை, ஏழு நாளும் சாயங்காலத்தில் ஓட்டிப் பழகினோம். ஒட்டு அசையவில்லை. சாயங்காலத்தில் எங்கே சூடு இருக்கும்? அது என் மண்டையில் ஏறவில்லை.

ரேஸ் அன்று காலையில் இருபது இருபத்தைந்து பேர் நின்றார்கள். பெரும்பாலும் கடைத்தெருச் சிங்களப் பையன்கள். கொடி விழுந்ததும் கூட்டாளி விசுக்கென்று பறந்தான். நான் விட்டுவிட்டேன். மலை ஏறத் தெரிந்தவனுக்கு அவசரம் கிடையாது. தினமும் வாளியோடு ஏறி இறங்குகிற கால் எனக்கு, அவனுக்கும் அதே கால்தான், ஆனால் அவனுக்குப் பொறுமை கிடையாது. முதல் ஏற்றத்தில் கடைத்தெருப் பையன்கள் பாதிப் பேர் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். நான் உட்கார்ந்தபடியே மிதித்தேன். முன்சில்லுக்கு முன்னால் இரண்டு முழம். அதற்கு மேல் ரோடு இருக்கிறது என்பதையே மறந்துவிட வேண்டும். மூச்சு ஒரு தாளத்தில் விழுந்ததும் மனசு அமைதியாகிவிட்டது. சில்லுக்கு அடியில் சரளைக்கல் நெரிகிற சத்தமும் என் மூச்சும் மட்டும் கேட்டன. அந்த ஒரு மணி நேரத்தைப் போல நான் நிம்மதியாக இருந்த நேரங்கள் குறைவு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் எல்லோரும் நின்றார்கள். "யமு மல்லி, யமு யமு", போவோம் தம்பி போவோம் என்று பின்னால் வந்த சிங்களப் பையன் ஒருவன் என்னையும் சேர்த்து உற்சாகப்படுத்திக்கொண்டு வந்தான். மனைவி முன்னால் வந்து என் கையில் கருப்பட்டி மாதிரியான கித்துள் சக்கரையில் ஒரு துண்டை வைத்தாள். பாத்துப் போங்க என்றாள். அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஒரு தடவை ஆபீஸ் பக்கம் பார்த்தாள். நான் சக்கரையை வாயில் போட்டுக்கொண்டு மிதித்தேன்.

மேல் டிவிஷனுக்குக் கொஞ்சம் கீழே கூட்டாளியைப் பிடித்துவிட்டேன். இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான். முகம் செம்பருத்தி மாதிரி இருந்தது. "போடா போ, எறக்கத்துல பாத்துக்கிறேன்" என்றான். இறக்கத்தில் அவன் பேய். அது எனக்கும் தெரியும். அதனால் ஏற்றத்திலேயே தூரம் வைத்துவிட வேண்டும் என்று எழும்பி நின்று மிதித்தேன்.

மலை உச்சியில் ரோட்டோரம் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான். சித்திரை வெயில் நேரே தலையில் இறங்கியது. அந்த இடத்தில் மரம் கிடையாது. கல்லைத் தாண்டி முதல் முடக்கைப் பார்த்தபோது பின்பக்கம் தொளதொளவென்று ஆடியது. இறங்கிப் பார்த்தேன். பின்சில்லில் காற்று இல்லை.

மடியில் செருகி வைத்திருந்த கரண்டிக் காம்பால் டயரை நெம்பி டியூப்பை வெளியே இழுத்தேன். நான் ஒட்டிய துண்டு இருந்த இடத்தில் இல்லை, ஒரு விரற்கடை வழுக்கி நின்றது. தொட்டால் பலாப் பிசின் மாதிரி கையோடு வந்தது. டயர் சுட்டது, கீழே கல்லும் சுட்டது. பாஸ் சொன்ன வார்த்தை அப்போது ஞாபகம் வந்தது.

அடுத்ததாக என்ன ஞாபகம் வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. கூட்டாளியின் சைக்கிளிலும் இதே துண்டு, இதே பால். எனக்குப் பின்சில்லில், அவனுக்கு முன்சில்லில். ஏற்றத்தில் முன்சில்லுக்குப் பாரம் குறைவு, அதனால் தாங்கியிருக்கும். இனிமேல் இறக்கம். ஏழு முடக்குக்கும் பிரேக் பிடித்துக்கொண்டே போக வேண்டும், பிரேக் கட்டை உரசி ரிம் கொதிக்கும். ஐந்தாவது முடக்கில் கட்டுச்சுவர் கிடையாது. கீழே பாறை, அதற்கும் கீழே ஆறு.

இதெல்லாம் எனக்கு ஒரே நொடியில் தெரிந்தது. அந்த நேரத்தில் அவன் வந்துவிட்டான். உச்சிக்கு ஏறி, சைக்கிளில் தாவி உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தான்.

"என்னடா மச்சான், காத்துப் போயிருச்சா? நான் போறேன், கோவிச்சிக்காத."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றது அந்தப் பலகைக் கதவு. இவனை நிறுத்தினால் இவன் காற்றுள்ள சில்லோடு மெதுவாகக் கீழே போய்ச் சேர்வான், வேலை இவனுக்கு, சாவி இவனுக்கு. நிறுத்தாவிட்டால் எங்கேயாவது காற்றுப் போய் நிற்பான், இரண்டு பேரும் நடப்போம், யாருக்குத் தெரியும். எங்கேயாவது என்று நினைத்தேனே தவிர ஐந்தாவது முடக்கு என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்துகொண்டேன் என்பதுதான் சரி. வாயை மூடிக்கொண்டேன். வேறு பக்கம் பார்த்தேன்.

ஒரு சிரட்டைப் பாலை வாளியில் ஊற்ற எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். அதற்குள் அவன் முதல் முடக்கில் திரும்பிவிட்டான்.

பிறகு கத்தினேன். "நில்லுடா, டேய் நில்லு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இறக்கத்தில் போகிறவன் காதில் காற்றைத் தவிர எதுவும் விழாது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ரோட்டை விட்டு மலைக்குள் இறங்கினேன். ரோடு வளைந்து வளைந்து போகும், பால் வெட்டுகிறவன் பாதை நேரே கீழே போகும். ஒவ்வொரு தட்டிலிருந்தும் அடுத்த தட்டுக்கு மண்ணில் வெட்டிய படி இருக்கிறது. அந்த மறுபக்கத்து ரப்பர்தான் நான் வெட்டுகிற மலை, எந்தப் படி உடைந்தது எந்தப் படி நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று படியில் கால் வைத்ததாக ஞாபகமில்லை. உதிர்ந்து காய்ந்த சருகு வழுக்கிவிட்டது, உட்கார்ந்தபடியே சறுக்கினேன், எழுந்து ஓடினேன், சிரட்டைகள் காலில் பட்டு உடைந்தன. முனியாண்டியைக் கூப்பிட்டேன், பிறகு அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டேன். எதற்கு அவளைக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

நாலாவது முடக்குக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ரோட்டில் வந்து விழுந்தேன். அவன் நாலாவதில் திரும்பிக்கொண்டிருந்தான். நான் கையை விரித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன்.

"தள்ளுடா நாயே, தள்ளு" என்று கத்திக்கொண்டே இரண்டு பிரேக்கையும் அமுக்கினான். கிரீச்சென்று சத்தம். வேகம் குறைந்த இடத்தில்தான் முன் டயர் பொதுக்கென்று அமுங்கியது, ரிம்மை விட்டு வெளியே வந்தது, ஹாண்டில் திருகிக்கொண்டது. அவன் என்னை உரசிக்கொண்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தான். முழங்கை சிராய்த்துவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

எழும்பி வந்து பளாரென்று என் கன்னத்தில் அறைந்தான். குறுக்கு வழியில் வந்து மறித்துவிட்டேன் என்று நினைத்தான். யாராவது விரலை நீட்டிப் பேசினாலே கையை ஓங்குகிற ஆள் நான், அதற்காக வேலையைக் கவனிக்கிற கண்டாக்கையாவிடம் இரண்டு தடவை ஏச்சு வாங்கியவன். அன்று கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அறைக்கும் நின்றுகொண்டிருந்தேன். அவன் அறையவில்லை.

"டியூப்ப பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தான். வழுக்கின துண்டைத் தொட்டுப் பார்த்தான், கையில் ஒட்டியதை வேட்டியில் துடைத்தான். பிறகு ரோட்டில் இருபது அடி கீழே இருந்த ஐந்தாவது முடக்கைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான், முழங்காலிலிருந்து கீழே ரத்தம். கான் ஓரத்தில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். சிங்களப் பையன்கள் இரண்டு மூன்று பேர் மெதுவாக்கி, "மொகத மல்லி, மொகத" என்று என்ன நடந்தது என விசாரித்துவிட்டு எங்களைக் கடந்து போனார்கள். அவர்களில் யார் முதலாவதாக வந்தார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழும்பி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே நடந்தான். துரை சைக்கிளோடு என்றுதானே சொல்லியிருந்தார். என்னுடையது உச்சியில் கிடந்தது. நான் மேலே ஏறி, அதை உருட்டிக்கொண்டு லயத்துப் பக்கமே இறங்கினேன். பெல் உடையவில்லை. பாண்காரருக்கு அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றினேன்.

நான் லயத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே கதை வந்துவிட்டது. கடைத்தெருவில் கடைசி ஆளாக வந்து சைக்கிளை இறக்கி வைத்த கூட்டாளி, மைக்கைப் பிடித்திருந்தவரிடமே சொல்லிவிட்டானாம்: "நான் உசிரோட நிக்கிறேன்னா அவன்தான் காரணம். வேலைய விட்டுட்டு ஓடி வந்து மறிச்சான்." அவன் அம்மா என் காலுக்கு மஞ்சளும் எண்ணெயும் கொண்டு வந்தாள். அண்ணன் என் முதுகில் தட்டினார், அவர் அப்படியெல்லாம் தட்டுகிற ஆள் இல்லை. மனைவி வெந்நீர் வைத்துக் கல்லையும் முள்ளையும் பிடுங்கினாள். கதவு போய்விட்டதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் நானும் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

வேலை கூட்டாளிக்குக் கிடைத்தது. நியாயம்தான். ஒரு கிழமை கழித்து அவன் துரையிடம் போய், அம்மா கோழியையும் காய்கறிப் பாத்தியையும் விட்டு வர மாட்டேன் என்கிறாள், எனக்குச் சைக்கிள் போதும், அந்தக் காம்பராவை என் மச்சானுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். துரைக்கும் என் ஓட்டம் பிடித்திருந்தது. சாவியைக் கூட்டாளியே கொண்டு வந்து என் மனைவியின் கையில் கொடுத்தான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சாவியை வாங்கிய அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. அந்தக் காம்பராவுக்குப் போன முதல் நாள் அவள் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்க. சும்மா உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்கு அந்தத் தாழ்ப்பாளில் கை வைக்கவே பிடிக்காது. தினமும் அவள்தான் போடுவாள். எனக்கு உரியது இல்லை என்று ஒரு எண்ணம். எங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்தக் காம்பராவில் பிறந்தார்கள், நான் அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஊரில் யாராவது அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். அடக்கமான ஆள் என்று அதற்கும் பெயர் வந்தது.

நாலைந்து வருஷம் கழித்து கூட்டாளிக்கும் அவன் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் வந்தது. போகிற அன்று காலை, யட்டியாந்தோட்டை பஸ் நிலையத்துக்கு அவர்களுடைய தகரப் பெட்டியைத் தோட்டத்துச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனேன். தபால் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை யாரையும் ரேஸ் ஓடச் சொல்லவில்லை. அவன் அம்மா அவிசாவளை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவன் கீழே நின்று சைக்கிளின் ஹாண்டிலைத் தடவிக்கொண்டிருந்தான். இனிமேல் சொல்ல நாள் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்டா. அன்னைக்கு முனியாண்டி கல்லுகிட்ட..."

"வாயத் தொறந்த. மூடிக்கிட்ட" என்றான்.

நான் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினேன். அவன் தொடர்ந்தான்.

"திரும்பிப் பாத்தேன்டா. என்னமோ சொல்ல வர்றான்னு பாத்தேன். நீ அங்கிட்டு திரும்பிக்கிட்ட. காத்துப் போன கோவம்னு நெனச்சேன். கீழ டியூப்ப பாத்தப்பதான் வெளங்குச்சு."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மைக்குல அப்படிச் சொன்ன? காம்பராவ ஏன்டா எனக்குக் குடுத்த?"

அவன் சிரித்தான். "நீ ஓடி வந்ததும் நெசந்தானடா. நான் அறைஞ்சப்ப நீ கையத் தூக்கல. ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா, சும்மா அடி வாங்கிட்டு நிக்கிற ஆளா நீ? அப்பவே நீ சொல்லிட்ட மாதிரிதான். நானும் அறைஞ்சிட்டேன். அதோட சரி."

கண்டக்டர் தட்டினார். அவன் ஏறினான். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி சைக்கிள் பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டு, "டயர்ல காத்துக் கொறைவா இருக்குடா, அடிச்சிக்க" என்றான். பஸ் போய்விட்டது.

தபால் கந்தோருக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். பாதி ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஆபீசில் பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வெளியே விளையாடின. பட்டப்பகலில் நானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, யாராச்சும் வர்றாங்களா?"

யாரும் வரவில்லை, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று சொல்லி, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.